பங்குனி, சித்திரை: மலையகத்தில் வண்ணத்துப்பூச்சி எண்ணும் காலம்

மாசிப் பனி விலகிவிட்டது. மஸ்கெலியா, வட்டவளை, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை இறங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இடையில் வரும் இந்த நாட்களில் காலையில் நன்றாக வெயிலடிக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மேகம் மூடி, இடியோடு ஒரு பாட்டம் மழை பெய்து ஓயும். வண்ணத்துப்பூச்சி பார்க்க மலையகத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது. காலை வெயில் அவற்றைப் பறக்க வைக்கிறது. பிற்பகல் மழை புழுக்களுக்கு இளந்தளிர் தருகிறது. வைகாசி பிறந்துவிட்டால் ஹட்டன் பக்கம் நாட்கணக்கில் வெயிலே காணாது. ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள்.

ஒரு கொப்பி, பென்சில், மணிக்கூடு, படம் எடுக்கக்கூடிய போன் ஆகியவை போதும். வலை வேண்டாம்.

முதலில் பாதையைத் தெரிவு செய்யுங்கள்

வழக்கமாக நடக்கும் வழியில் 300 முதல் 500 மீற்றர் வரை ஒரு துண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தேயிலை மலைக்கு நடுவில் எண்ணினால் மனம் சோர்ந்துபோகும். கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பதால் செடி பூப்பது அரிது. உயிர்கள் இருப்பது ஓரங்களில்: காட்டுத் தொங்கல், ஆற்றோரம், பீலிக்கரை, கான் ஓரத்துப் புல், லயத்துப் பின்பக்கத் தோட்டம். இவற்றில் இரண்டு மூன்றையாவது தொட்டுச் செல்லும் பாதையே நல்ல பாதை.

எண்ணும் முறைக்கு உலகம் எங்கும் வழங்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இங்கிலாந்தில் ஏர்னஸ்ட் பொலார்ட் வகுத்த அந்த முறைப்படி 1976 முதல் அந்நாடு முழுவதும் எண்ணி வருகிறார்கள். ஒரே பாதையில், ஒரே வேகத்தில், மெதுவாக நடக்க வேண்டும். இரு பக்கமும் இரண்டரை மீற்றர், முன்னால் ஐந்து மீற்றர் ஆகிய எல்லைக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். தூரத்தில் பறப்பது எவ்வளவு அழகானதாக இருந்தாலும் கணக்கில் சேராது. வெப்பநிலை 13 பாகைக்குக் கீழே இருந்தால் எண்ணுவதில்லை; 13க்கும் 17க்கும் இடையில் என்றால் வெயில் இருக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் அசையாது. அதனால் ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி, மேகம் மூடுமுன் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

கிழமைக்கு ஒரு தடவை போதும், ஆனால் விடாமல் போக வேண்டும். திகதி, நேரம், வெயிலா மேகமா, காற்று எப்படி என்பதை முதலில் எழுதிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஒன்றுமே காணாத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள். பலர் அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் ஒரு பூச்சி குறைந்ததா கூடியதா என்று பார்ப்பவருக்கு அந்தப் பூச்சியங்களும் வேண்டும்.

இப்போது வானத்தையும் பாருங்கள்

ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இலங்கைக்குள் இடம்பெயர்கின்றன. வடகீழ் பருவப்பெயர்ச்சியை ஒட்டி ஒன்று, இந்தப் பங்குனி சித்திரையில் மற்றொன்று. மஞ்சளும் வெள்ளையுமான எமிகிரன்ட் இனங்கள், அல்பட்ரோஸ் இனங்கள், கரும்பழுப்பு நிறக் குரோ, நீலக்கோடு போட்ட டைகர் இனங்கள் ஆகியவை இதில் சேரும். அவை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று மக்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை மலையேறும் காலமும் இதுவே. ஆகவே நல்லதண்ணி வழியாக ஏறுகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிட்டும். எந்தத் திசை, எந்த நாள், என்ன காரணம் என்ற கேள்விகளுக்கு முழு விடை இன்னும் இல்லை.

இடம்பெயர்வை எண்ணும் முறை வேறு. நடக்காமல் ஓரிடத்தில் நில்லுங்கள். ஒரு சவுக்கு மரத்தையும் எதிரே ஒரு மின்கம்பத்தையும் இணைத்து மனதில் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டியவை எத்தனை, எந்தத் திசையில் போயின, காற்று எதிரா பின்னா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி எண்ணுங்கள். திசையை எழுதாத கணக்கால் அதிகப் பயன் இல்லை.

இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. பூண்டுலோயாவில் தோட்டத் துரையாக இருந்து பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான ஈ. ஏர்னஸ்ட் கிரீனும், ஹல்துமுல்லப் பக்கம் தோட்டம் நடத்திக்கொண்டே 1924இல் இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றி நூல் எழுதிய ஓர்மிஸ்டனும் இப்படித்தான் குறிப்பு வைத்தார்கள். அவர்களுடையதும் இன்னும் இருவருடையதுமான குறிப்புகளை முதன்மையாகக் கொண்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நடக்கும் வண்ணத்துப்பூச்சி இடம்பெயர்வு பற்றி சி. பி. வில்லியம்ஸ் 1927இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் துரைமார். அதே மலையில் காலை முதல் மாலை வரை நின்று கொழுந்தெடுத்தவர்கள் அதைவிட அதிகம் கண்டிருப்பார்கள். அவர்கள் கண்டது எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை. இப்போது எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லாத லயம் இல்லை. அந்தக் குறை இந்தத் தலைமுறையோடு தீர வேண்டும்.

படம் எடுக்கும்போது

படத்தின் முதல் வேலை அடையாளம் காட்டுவது. ஆகவே ஒவ்வொரு பூச்சிக்கும் சிறகு விரித்த மேற்பக்கம், மூடிய அடிப்பக்கம் இரண்டையும் எடுக்கப் பாருங்கள். நகத்தளவு நீலப் பூச்சிகளில் மேற்பக்கம் ஒன்றுபோலவே இருக்கும். அடிப்பக்கத்துப் புள்ளியும் கோடுமே இனத்தைச் சொல்லும். கொமன் ஜெசபெல் மேலே பார்த்தால் வெள்ளையில் கறுப்பு நரம்பு ஓடிய சாதாரணப் பூச்சி. மூடிய பின்சிறகின் அடியில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புப் பொட்டுகளும் தெரியும்.

ஒன்பது மணி வெயில் உதவியானது. குளிர்ந்த உடம்பைச் சூடேற்ற பூச்சிகள் சிறகை விரித்து அசையாமல் இருக்கும். றோட்டோரக் கல்லில் இந்தியன் றெட் அட்மிரல் அப்படி உட்காருவதைப் பாருங்கள். கரும்பழுப்பு முன்சிறகில் செம்மஞ்சள் பட்டை, நுனியில் வெள்ளைப் பொட்டுகள். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்த கணமே எழுந்துவிடும். வெயில் முகத்தில் படும் பக்கமாகச் சுற்றி வந்து, குனிந்து, பூச்சியின் மட்டத்துக்கே போனை இறக்கி, தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்த பிறகு அங்குலம் அங்குலமாக நெருங்குங்கள். அட்மிரல் எழுந்து போனாலும் அநேகமாக அதே கல்லுக்குத் திரும்பி வரும், பொறுத்திருங்கள். போனில் சூம் இழுத்தால் படம் கலங்கும். கிட்டப் போய் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வதே நல்லது.

பீலிக்கரையையும் விடாதீர்கள். தண்ணீர் வழிந்து நனைந்த மண்ணில் ஆண் பூச்சிகள் உப்புச்சத்து உறிஞ்ச இறங்கும். உறிஞ்சும்போது அவை ஆளைப் பொருட்படுத்துவதில்லை. கறுப்புச் சிறகின் நடுவே பச்சைநீலப் பட்டை ஓடும் புளூபொட்டிலைப் பூவில் படம் பிடிப்பது கடினம், ஈரமண்ணில் சுலபம்.

சிறகைப் பிடித்து எடுத்த படமும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மயக்கி எடுத்த படமும் வேண்டவே வேண்டாம். அவை பூச்சிக்குச் செய்யும் கொடுமை. ஹோர்ட்டன் சமவெளி, கல்வேஸ்லேண்ட் ஆகிய தேசியப் பூங்காக்களில் எதையும் பிடிப்பதும் பிடுங்குவதும் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பெயர் தெரியவில்லை என்று எண்ணாமல் விடாதீர்கள். இலங்கையில் ஏறத்தாழ 250 இனங்கள் உண்டு. ஒரு தோட்டத்துப் பாதையில் அதில் சிறு பகுதியே வரும். நீங்களே ஒரு பெயர் வைத்து, படத்தின் இலக்கத்தோடு எழுதுங்கள். பிறகு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் இனத்தைச் சொல்வார்கள். மலையகத்தில் இருப்பவர்கள் முக்கியமாகத் தேட வேண்டியவை இலங்கைக்கே உரிய இனங்கள்: காட்டு நிழலில் தாழப் பறக்கும் சிலோன் டைகர், மூங்கில் புதரை விட்டு அகலாத சிலோன் ட்ரீபிறவுன். இவை உங்கள் ஓரத்தில் இருந்தால் அந்தக் காட்டுத் துண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

மழைக்கு முன் நட வேண்டியவை

பூ மட்டும் நட்டால் வண்ணத்துப்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டுமானால் முட்டையிட இலை வேண்டும். ஒவ்வோர் இனமும் தன் செடியை மட்டுமே தேடும்.

ஹட்டன், கொட்டகலை உயரத்தில் லயத்துப் பக்கம் ஒரு எலுமிச்சையோ தோடையோ கறிவேப்பிலையோ இருந்தாலே மோர்மன், லைம் வகைகள் வரும். இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். பறவை எச்சம் விழுந்தது போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருப்பது இளம்புழு, வளர்ந்தபின் பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஈரமான கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும். நெடி மூக்கில் ஏறும். எதிரியை விரட்ட அதற்கு இருக்கும் ஒரே ஆயுதம் அது. பத்து இலை போனாலும் மரம் தாங்கும். மருந்தடிக்காதீர்கள்.

புளூபொட்டிலுக்குக் கறுவாக் குடும்பத்து மரங்கள். அவரை இன நீலங்களுக்குக் கிலுகிலுப்பை; அதன் வாடிய தண்டைச் சுரண்டி உறிஞ்ச டைகர், குரோ ஆண்களும் கூடும். விதையை இப்போது தூவினால் வைகாசி மழையில் பிடித்துக்கொள்ளும். றெட் அட்மிரலுக்குத் தொட்டால் அரிக்கும் காஞ்சொறி. அதன் இலையை மடித்து உள்ளே புழு வாழும். அதை வீட்டருகே நடச் சொல்லவில்லை, காட்டோரத்தில் இருப்பதை வெட்டாமல் விடுங்கள். ஜெசபெலுக்கு நிழல் மரத்தில் ஏறிய புல்லுருவி; எல்லா மரத்திலும் அறுத்துவிடாமல் ஒரு மரத்தில் மிச்சம் வையுங்கள்.

தேனுக்கு ஒற்றை அடுக்கு இதழ் உள்ள சீனியா, கொஸ்மொஸ், செவ்வந்தி நல்லவை. மரக்கறித் தோட்டத்தில் ராபு, கொத்தமல்லி இரண்டு பாத்தியைப் பூக்க விடுங்கள். நாயுண்ணிக்குப் பூச்சி மொய்க்கும் என்றாலும் அது காட்டை விழுங்கும் அந்நியச் செடி, புதிதாக நடாதீர்கள்.

புழுவை வளர்த்தால் தேயிலைக்கு ஆகாது என்று தோட்ட நிர்வாகம் தயங்கலாம். அவர்களுக்குச் சொல்லுங்கள்: தேயிலையைத் தாக்கும் இலைசுருட்டிப் புழு போன்றவை அந்துப்பூச்சி இனம். மேலே சொன்ன வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தேயிலையைத் தொடுவதில்லை. இலைசுருட்டியை அடக்கியதும் நஞ்சு அல்ல; 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி. நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: காட்டோரத்திலும் கான் ஓரத்திலும் களைக்கொல்லி படாமல் ஒரு சிறு விளிம்பு.

கவனம்

தனியே போகாதீர்கள். பாறை இடுக்கிலும் உயர்ந்த மரத்திலும் குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பாதை தெரிவு செய்யுங்கள். கொழுந்தெடுக்கப் போனவர்கள் குளவி கொட்டி உயிரிழந்த செய்தி நமக்குப் புதிதல்ல. மருந்தடித்த மலைக்குள் அன்று கால் வைக்காதீர்கள். சிறுத்தை நடமாடும் காட்டோரங்களில் பொழுது சாயுமுன் வீடு திரும்புங்கள்.

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்; கொப்பியை அவர்கள் கையில் கொடுங்கள். வைகாசி மழையில் எண்ணிக்கையை நிறுத்தும்போது எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். ஐப்பசியில் வெயில் திரும்பியதும் அதே பாதையில், அதே நேரத்தில் மறுபடி தொடங்க வேண்டும்.