டிரெய்லர்ச் சக்கரங்களைச் செப்பனிடுதல்

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதை நம்மில் பலர் சிறு வயதில் பார்த்திருப்போம். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இரும்புப் பட்டையை வளைத்து, வரட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தின்மேல் இறக்கி நீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி, வட்டையையும் ஆரக்கால்களையும் குடத்தோடு இறுக்கிவிடும். சக்கர வேலை என்றால் நெருப்பு வேண்டும் என்ற அப்பழக்கம் நமது பட்டறைகளை விட்டு இன்னும் நீங்கவில்லை. காற்றடைத்த டயர் கொண்ட டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் அது உயிருக்கே உலை வைப்பதாகும்.

காரணத்தை அறிந்துகொள்வோம். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் வைத்தாலும், துருப்பிடித்து இறுகிய நட்டைக் கழற்ற காஸ் நெருப்பைக் காட்டினாலும், உள்ளே ரப்பர் சூடேறிச் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடுகிறது. அவை டயருக்குள்ளேயே தீப்பற்றினால் டயர் வெடித்துச் சிதறும். காற்றை இறக்கிவிட்டோம், இனி அபாயமில்லை என்று எண்ணுவது தவறு. காற்றிறங்கிய டயரும் வெடிப்பதுண்டு. ஆகவே, டயரை ரிம்மிலிருந்து முற்றிலும் கழற்றாமல் நெருப்பை அருகே கொண்டுவரலாகாது.

அடுத்து, எந்த ரிம்மைச் செப்பனிடலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். சேற்றைக் கழுவிவிட்டு போல்ட் துளைகளைச் சுற்றிலும், தட்டும் வளையமும் இணையும் இடத்திலும் ஊன்றிப் பாருங்கள். நட்டின் அடியிலிருந்து துரு வழிந்த கோடு தெரிந்தால் நட்டு தளர்ந்து ஓடியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அவ்வாறு ஓடிய சக்கரத்தில் வட்டத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் கசிந்து வெண்மையின்மேல் கோடாகத் தெரியும்.

வெடித்த ரிம்மையும் துளை தேய்ந்த ரிம்மையும் வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது. ஊராட்சிக்குச் சொந்தமான டிராக்டராயின், செலவைக் குறைக்க வேண்டுமென்று உறுப்பினர்கள் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்ட விரோதமே. ஆயினும் திருவிழாக் காலங்களில் அது நடப்பதை நாம் அறிவோம். கழித்த ரிம்மை அறுத்துத் துண்டாக்கியே பழைய இரும்புக்கு விற்க வேண்டும். இல்லையேல் அது வேறொருவர் வண்டியில் ஏறிவிடும்.

விளிம்பில் மட்டும் சிறிது நெளிந்த ரிம்மைச் சூடாக்காமல், மரச் சுத்தியால் சிறுகச் சிறுகத் தட்டி நேராக்கலாம். பின்பு அதை அச்சில் பூட்டி, தரையில் ஒரு குச்சியை விளிம்பருகே அசையாமல் நட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். குச்சிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே வந்தால் கோணல் நீங்கவில்லை. பேரிங் தளர்ந்திருந்தாலும் இவ்வாறே தோன்றுமாதலால், அதை முதலில் சரிபார்த்துக்கொள்வது நலம்.

வர்ணம் பூசுவது அழகுக்காக மட்டுமன்று. உரமூட்டை ஏற்றும் டிரெய்லரில் உப்புத் தன்மையுள்ள தூள் பட்டு ரிம் விரைவில் அரிக்கப்படுகிறது. கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவை அகற்றி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பூச்சு ஒன்றும், அது உலர்ந்தபின் எனாமல் மெல்லியதாக இரு முறையும் பூசவும். டயர் அமரும் இடத்தில் துருச் செதில் இருந்தால் டியூபை அறுத்துவிடும். ஆனால் நட்டு அமரும் குழிவிலும், தட்டு அச்சோடு பொருந்தும் முகத்திலும் வர்ணம் தடிக்கலாகாது. ஓட ஓட அது நசுங்கிப்போக, நட்டு தளரும்.

பழைய லாரிச் சக்கரம் பூட்டிய டிரெய்லர்களில் டயரைப் பிடித்திருக்கும் பூட்டு வளையம் தனியாக இருக்கும். காற்று இருக்கும்போது அதைச் சுத்தியால் தட்டவே கூடாது. இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடைப்பதே முறை. சக்கரத்தின் எதிரே எவரும் நிற்கலாகாது. நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். பாரத்துடன் முதல் நடை சென்று திரும்பியதும் மறுபடி ஒரு முறை முடுக்க வேண்டும். புதுப் பூச்சு அமர்ந்து சில நட்டுகள் இளகியிருப்பதை அப்போது காண்பீர்கள்.