கோதுமைக் கப்பல்கள்

அன்புள்ள யாழினி,

கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘வெளிநாட்டு உதவி ஏழை நாடுகளை வாழவைக்கிறதா, அடிமையாக்குகிறதா?’ என்ற தலைப்பில் இரண்டாவது அணிக்குப் பேசப் போவதாக எழுதியிருக்கிறாய். ஐந்து குறிப்புகள் வேண்டுமாம். குறிப்பாகக் கொடுத்தால் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மறந்துபோவாய். ஒரே ஒரு விவகாரத்தை முழுதாகச் சொல்கிறேன்: பி.எல். 480. உன் அப்பத்தாவிடம் ‘மைலோ’ என்று சொல்லிப் பார். அறுபதுகளில் ரேஷன் கடையில் போட்ட அமெரிக்கச் சிவப்புச் சோளம் அது. முகத்தைச் சுளித்துக்கொண்டே நிறையச் சொல்வார்.

1954-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட 480-ஆம் பொதுச்சட்டம் என்பதன் சுருக்கம்தான் இந்தப் பெயர். அப்போது அமெரிக்காவில் கோதுமை தேவைக்கு மேல் விளைந்தது. விலை சரியாமல் இருக்க அரசே வாங்கிக் கிடங்கில் அடுக்கியது. கிடங்குச் செலவு எகிற, எங்காவது தள்ளிவிட்டால் போதும் என்ற நிலை. சட்டத்தின் முழுப் பெயரில் ‘வேளாண் வணிக வளர்ச்சி’ முன்னால் நிற்கிறது. ‘உதவி’ அதற்குப் பின்னால்தான் வருகிறது. உதவிச் சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கப்பலில்தான் போக வேண்டும் என்று இன்னொரு சட்டம் அதே ஆண்டில் வந்தது. அந்தக் கப்பல்களில் வாடகையும் கூடுதல். அங்கே விவசாயிக்கு விலை, கப்பல்காரருக்கு வாடகை, இங்கே நமக்குச் சாப்பாடு. உன் அணித்தலைவர் இதைக் கேட்டவுடன் ‘பார்த்தீர்களா, சுயநலம்!’ என்று கைதட்டல் வாங்கப் பார்ப்பார். அவசரப்பட வேண்டாம் என்று சொல். கொடுக்கிறவனுக்கும் லாபம் உண்டு என்பதற்காக ஓர் உதவி கெட்டதாகிவிடாது.

இந்தியா 1956-ல் முதல் ஒப்பந்தம் போட்டது. 1960-ல் போட்டது மிகப் பெரியது: நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. டாலர் கொடுக்க வேண்டியதில்லை, ரூபாயில் கட்டினால் போதும். அன்னியச் செலாவணிக்குத் திண்டாடிய டெல்லிக்கு இதைவிட என்ன வேண்டும்? திட்டக்குழு உருக்காலை, அணை என்று பெரிய காரியங்களில் இறங்கியது. மலிவான இறக்குமதி உள்ளூர் விவசாயியின் விலையைக் கெடுக்கும் என்று தியோடர் ஷுல்ட்ஸ் என்ற பொருளியலாளர் 1960-லேயே எச்சரித்தார். விலை எவ்வளவு விழுந்தது என்பதில் பொருளியலாளர்களுக்குள் தகராறு உண்டு. என்னைக் கேட்டால் விலையைவிடப் பெரிய சேதம் டெல்லியின் மெத்தனம். கப்பல் வந்துவிடும் என்ற தைரியத்தில் வயலைக் கவனிக்கவில்லை.

1965-ல் மழை பொய்த்தது. முந்தைய ஆண்டு சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உண்ணாமல் இருக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஜூனில் பழைய ஒப்பந்தம் முடிந்திருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் புதிதாக நீண்ட ஒப்பந்தம் போட மறுத்தார். ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் அனுமதி. அது தீரும்போது டெல்லி மறுபடி வாசலில் நிற்க வேண்டும். இந்தியாவில் எங்கே மழை பெய்கிறது என்பதைக்கூடத் தானே கவனித்து வந்ததாகப் பின்னாளில் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

அவருக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, இந்தியா விவசாயத்தில் முதலீடு செய்ய வேண்டும். இது நியாயமானது. மற்றொன்று, வியட்நாம் போரைப் பற்றி இந்தியா வாயை மூடிக்கொள்ள வேண்டும். வியட்நாம் பற்றி நாங்கள் சொல்வதைத்தானே போப்பாண்டவரும் ஐ.நா. பொதுச்செயலாளரும் சொல்கிறார்கள் என்று இந்தியத் தரப்பு வாதிட்டபோது, ‘அவர்களுக்கு எங்கள் கோதுமை தேவையில்லையே’ என்று பதில் வந்ததாக ஒரு கதை உண்டு. ஆனால் கப்பல்கள் நிற்கவில்லை. 1966-ல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஒரு கோடி டன்னைத் தாண்டியது, பெரும்பகுதி அமெரிக்காவுடையது. பீகார் வறட்சியில் பெருஞ்சாவு நேராததற்கு அந்தக் கோதுமை முக்கியக் காரணம். இதை உன் அணி மறைக்கப் பார்க்கும், நீ மறைக்காதே.

இனி நான் சொல்லவந்த இடம். அந்த ஓராண்டுக்குள் இரண்டு நிபந்தனைகள் வந்தன.

முதலாவது விவசாயம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் நம் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் ஓசையில்லாமல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: விவசாயத்துக்குக் கூடுதல் பணம், உரத் தொழிலில் வெளிநாட்டு முதலீடு. பார்த்தால் அடிபணிந்தது போலத்தான் தோன்றும். ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சுப்பிரமணியம் அதையெல்லாம் செய்ய முன்பே முடிவெடுத்திருந்தார். இந்திய உணவுக் கழகம் அந்த ஆண்டு ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான். உரத்துக்கும் விதைக்கும் அன்னியச் செலாவணியா என்று முட்டுக்கட்டை போட்டவர்கள் அமைச்சரவைக்குள்ளேயே இருந்தார்கள். வாஷிங்டனின் நெருக்கடியை அவர் அவர்களுக்கு எதிரான ஆயுதமாக்கிக்கொண்டார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இந்தியா விலைகொடுத்து வாங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் அதற்குத் தயாராக இருந்தார்கள். 1964-65-ல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1.6 கோடியைத் தாண்டியது.

இரண்டாவது, நாணய மதிப்புக் குறைப்பு. உலக வங்கியும் அமெரிக்காவும் வற்புறுத்த, 1966 ஜூன் 6-ல் டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. உள்நாட்டில் இதை முழுமனதாக விரும்பியவர்கள் மிகக் குறைவு. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரே தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்று கொதித்தார். ஈடாகச் சொன்ன உதவி முழுதாக வரவில்லை, மழையும் வரவில்லை. சீர்திருத்தம் பாதியில் நின்றது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று வாக்களித்த தி.மு.க. 1967-ல் சென்னை மாநில ஆட்சியைப் பிடித்தது. சுப்பிரமணியமும் அந்தத் தேர்தலில் தோற்றார்.

கொடுத்தவர்கள் அவர்களே, காலமும் அதேதான். ஒன்று பலித்தது, மற்றது புளித்தது. பலித்ததற்கு இங்கே ஓர் ஆள் இருந்தார், அவர் கையில் ஒரு திட்டம் இருந்தது. ‘வாழவைக்கிறதா, அடிமையாக்குகிறதா’ என்ற கேள்வியில் வாங்குகிறவர் வெறும் பொம்மையாகத்தான் இருக்கிறார். நீ மேடையேறியதும் முதலில் அதைத் தட்டிக்கேள்.

நாம் கட்டிய ரூபாய் என்னவாயிற்று என்று நடுவர் கேட்கலாம். பெரும்பகுதி இந்தியாவிலேயே, அமெரிக்கக் கணக்கில் குவிந்தது. 1962 முதல் அதில் ஒரு துளியைக் கொண்டு அமெரிக்க நூலகங்களுக்கு இந்தியப் புத்தகங்களை வாங்கினார்கள். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் அந்தக் காலத் தமிழ்ப் புத்தகங்கள் இருப்பது இப்படித்தான். மிச்சத்தில் பெரும்பங்கை 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிகன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதித் திருப்பிக் கொடுத்தார். அது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மலிவுக் கோதுமை 1971 முடிவிலேயே நின்றுவிட்டிருந்தது.

இன்னொன்று. இன்று நாமும் கொடுக்கிற நாடு. வெளியுறவு அமைச்சகத்தின் உதவியில் மிகப் பெரிய பங்கு பூடானுக்குப் போகிறது. மாலத்தீவில் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தோடு பிரசாரம் செய்த முய்சு 2023 நவம்பரில் அதிபரானார். 2024 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை அறிக்கையில் அந்நாட்டுக்கு 600 கோடி ரூபாய். ஜூலையில் வந்த முழு அறிக்கையில் 400 கோடி. அக்டோபரில் அவர் டெல்லி வந்து போனார். 2025-26-ல் மறுபடி 600 கோடி. காரணத்தை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள். ஜான்சனைத் திட்டி முடித்ததும் இதையும் சொல்லிவிட்டு இறங்கு. பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
பெரியப்பா