சாவியும் ஓர் அமானிதமே! (ஜும்ஆ உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனது அருளும் சாந்தியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்த உங்களிடம் ஒரு கேள்வி. காற்று அடிக்கிற நாளில், முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போக, பதினான்கு வயது மகனிடம் படகைத் தனியாகக் கொடுத்து அனுப்புவீர்களா? மாட்டீர்கள். முதலில் அவன் உங்களோடு வருவான். வலை இழுப்பான். மணல்திட்டு எங்கே இருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, அலை எப்போது தணியும் என்று பல பருவங்கள் பார்த்துப் பழகுவான். பிறகுதான் அவன் கையில் படகு போகும்.

அதே மகன், "அத்தா, வண்டிச் சாவி குடுங்க" என்று கேட்டால்? "சீக்கிரம் வந்துடு" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். தண்ணீரைக் கண்டு பயப்படத் தெரிந்த நமக்கு, தார்ச்சாலையைக் கண்டு ஏன் பயம் வரவில்லை?

சாவி கொடுத்தவரும் பொறுப்பாளியே

உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள் (புகாரி 893). குடும்பத்தின் தலைவரையும் அவர்கள் அதில் குறிப்பிட்டுச் சொன்னார்கள். "நான் ஓட்டவில்லை, பையன்தான் ஓட்டினான்" என்ற பதில் அங்கே செல்லாது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை லைசென்ஸ் வாங்க முடியாது.

விரட்டுவதில் நன்மை இல்லை

இளைஞர்களே! இது உங்களுக்கு. ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் அரஃபாவிலிருந்து திரும்பி வருகிறார்கள். பின்னால் சிலர் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சப்தம் கேட்கிறது. தம் சாட்டையால் சைகை செய்து, நிதானமாக வரும்படியும், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்றும் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள் (புகாரி 1671). ஹஜ்ஜுடைய பயணத்திலேயே வாகனத்தை விரட்டக் கூடாது என்றால், டீக்கடைக்குப் போகும் பயணத்தில் விரட்டலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இகாமத் சொல்வதைக் கேட்டாலும் தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியாக நடந்து வரவும், கிடைத்த ரக்அத்தைத் தொழுதுவிட்டு மீதியைப் பூர்த்தி செய்யவும் கட்டளையிட்டார்கள் (புகாரி 636). காலால் ஓடி வருவதற்கே தடை. நாமோ குத்பா தொடங்கிவிட்டது என்று பைக்கில் பறந்து வருகிறோம். பொன்னேரி சாலையில் மீன் கூடையோடு நடந்து போகும் பெண்ணும், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையும் நமக்காக ஒதுங்கி ஓட வேண்டியிருக்கிறது. அந்தச் சாலையில் நமக்கு இருக்கும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது.

மறக்க முடியாத ஞாயிற்றுக்கிழமை

2011 டிசம்பர் 25. நம் பழவேற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், உயிர்காப்பு உடை இல்லாததும் எவ்வளவு பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும் என்பதை நாம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு பைக்கில் மூன்று பேர் உட்காருவதும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதுதான். ஹெல்மெட்டை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போவதும், உயிர்காப்பு உடையைக் கரையில் வைத்துவிட்டுப் படகேறுவதும் ஒன்றுதான். "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பது தவக்குல் ஆகாது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான் (2:195).

"என் பிள்ளை இல்லையே!"

தெருவில் ஒரு பையன் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிறான். "யார் வீட்டுப் பிள்ளையோ" என்று நகர்ந்துவிடுகிறோம். ஒரே கப்பலில் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பயணிப்பவர்களை நபி (ஸல்) அவர்கள் உதாரணமாகச் சொன்னார்கள். தண்ணீருக்காகக் கீழே இருப்பவர்கள் தங்கள் பகுதியில் ஓட்டை போடும்போது மேலே இருப்பவர்கள் விட்டுவிட்டால் அனைவரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பார்கள் (புகாரி 2493). படகில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையனை நிறுத்துங்கள். கூட்டத்தில் அவமானப்படுத்தாமல், தோளில் கை போட்டுச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! லைசென்ஸ் வாங்கும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகும், படகில் பழக்கியதைப் போல் கொஞ்ச நாள் பின்னால் உட்கார்ந்து போங்கள். முதலில் நீங்கள் ஹெல்மெட் போடுங்கள். ஓட்டும்போது போன் அடித்தால் எடுக்காதீர்கள். நீங்கள் செய்வதைத்தான் பிள்ளை பார்த்துப் பழகுகிறான்.

வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டிய துஆவை நாம் அறிவோம் (43:13,14). இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ் என்று தொடங்கி, நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று அது முடிகிறது. அதன் பொருளை உணர்ந்து ஓதுகிறவனின் கை, ஆக்ஸிலேட்டரைக் கண்மூடித்தனமாக முறுக்காது.

நம் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக யா அல்லாஹ்! எங்களால் எந்த வீட்டிலும் அழுகுரல் எழாமல் காப்பாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.