பத்து மணி நேரம் பறக்கப் போறீங்களா? காலைக் கவனிங்க!

பாஸ்போர்ட் ரெடி, விசா ரெடி, புளிக்காய்ச்சல்கூட ரெடி! ஐரோப்பா டூர் கிளம்பும் வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் உண்டு... கால்! சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு நேராகப் பறந்தாலே ஏறக்குறைய 10 மணி நேரம். 'சும்மா உட்கார்ந்துட்டுத்தானே போகப்போறோம், இதிலே உடம்புக்கு என்ன?' என்பீர்கள். அந்தச் 'சும்மா உட்கார்ற'துதான் பிரச்னையே!

காலுக்கு வந்த ரத்தத்தை மறுபடி மேலே ஏற்ற உதவுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, பம்ப் மாதிரி வேலை செய்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் ரத்தம் தேங்கும். சிலருக்கு ஆழத்தில் இருக்கும் ரத்தக் குழாயில் உறைந்து கட்டியாகிவிடும். அந்தக் கட்டி பெயர்ந்து போய் நுரையீரலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பழியை விமானத்தின் மேல் மட்டும் போட முடியாது. 1940-ல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து, பதுங்குமிடங்களில் இரவெல்லாம் நாற்காலியிலேயே கிடந்தவர்களில் சிலர் இதே காரணத்தால் இறந்ததை டாக்டர் கீத் சிம்ப்ஸன் எழுதி வைத்திருக்கிறார்.

அதற்காக டிக்கெட்டை கேன்சல் செய்துவிடாதீர்கள்! 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. அப்படியும், ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்குதான்.

யாருக்கு அதிக கவனம் தேவை?

சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ சாப்பிடுபவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள். இவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

உயரம் குறைவானவர்களும் ஜாக்கிரதை. கால் தரையில் எட்டாமல் தொங்கினால், சீட்டின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். கைப்பையைக் கீழே வைத்து, அதன்மேல் பாதத்தை ஊன்றிக்கொள்ளுங்கள்.

விமானத்தில் என்ன செய்யணும்?

* குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களைத் தூக்குங்கள். பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். அடிக்கடி இப்படிச் செய்யலாம்.
* ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்க. நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்கினால் சௌகரியம்.
* 'பாத்ரூமுக்கு எழுந்து போகணுமே' என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். எழுந்து போவதே ஒரு வைத்தியம்தான்!
* தூக்க மாத்திரை, மது வேண்டாம். இரண்டுமே உங்களை அசையாமல் கிடக்க வைக்கும்.
* பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆஸ்பிரின் போடாதீர்கள். முழங்கால் வரை போடும் இறுக்கமான காலுறையையும் டாக்டரைக் கேட்டே வாங்குங்கள்.

இறங்கிய பிறகு...

இரண்டு பாதமும் லேசாக வீங்கியிருந்தால் பயமில்லை, நடந்தால் வடிந்துவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால், 'பாரிஸ் முழுக்க நடந்தோமே, அதான்' என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், ஐரோப்பிய யூனியன் நாடுகள் எல்லாவற்றிலும் அவசர எண் 112.

ஊர் திரும்பிய பிறகும் ஏறக்குறைய 4 வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. அதற்குள் கால் வீங்கினால், டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: 'ஃப்ளைட்ல வந்தேன் டாக்டர்.'