ஊழியரின் செல்போனில் உங்கள் கம்பெனி தகவல்கள்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சின் அருமையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பொம்மையின் மாதிரி அச்சு வெளியே போனால், அதே பொம்மை சில வாரங்களில் அடுத்த சூளையிலும் வெந்து வரும். அச்சைப் பூட்டி வைக்கிறோம். ஆனால் புதிய டிசைன்களின் படங்கள், வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல் எல்லாம் விற்பனைப் பிரதிநிதியின் சொந்த செல்போனில் இருக்கின்றன. அவர் வேலையை விட்டுப் போனால்? பேருந்தில் போனைத் தொலைத்துவிட்டால்?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, போன் முழுவதையும் கம்பெனி நிர்வகிப்பது. கம்பெனியே வாங்கிக் கொடுத்த போனுக்கு இது சரி. ஊழியரின் சொந்த போனுக்கு இது பொருந்தாது. போன் முழுவதையும் அழித்தால் அவருடைய குழந்தையின் படங்களும் சேர்ந்து போய்விடும். இரண்டாவது, கம்பெனிக்குரிய அப்ளிகேஷன்களையும் அவற்றின் தகவல்களையும் மட்டும் நிர்வகிப்பது. நமக்குத் தேவை இதுதான்.

2015-இல் கூகுள் அறிமுகப்படுத்திய ஒர்க் ப்ரொஃபைல், ஆன்ட்ராய்டு போனுக்குள் தனி அறை கட்டியது போன்றது. அதிலுள்ள அப்ளிகேஷன்களின் ஐகானில் சிறிய கைப்பெட்டி அடையாளம் இருக்கும். அங்கிருந்து காப்பி செய்து சொந்தப் பக்கத்தில் பேஸ்ட் செய்வதைத் தடுக்கலாம். சொந்தப் பக்கத்திலுள்ள படங்களையோ செய்திகளையோ முதலாளி பார்க்க முடியாது. வேலை முடிந்ததும் ஊழியர் அந்த அறையை நிறுத்தி வைக்கலாம்.

கூகுள் ஒர்க்ஸ்பேஸின் உயர்நிலைத் திட்டங்களில் இந்த வசதி கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வைத்திருப்பவர்களுக்கு இன்ட்யூன் அதனுடனேயே வருகிறது. இந்தத் திட்டத்தில் 300 பேர் வரை சேர்க்கலாம். இன்ட்யூன் மூலம் அவுட்லுக், எக்செல் போன்ற அப்ளிகேஷன்களுக்கு மட்டும் தனி பின் நம்பர் வைக்கலாம். அவற்றிலுள்ள கம்பெனி தகவலை மட்டும் அழிக்கவும் செய்யலாம்.

போன் தொலைந்துவிட்டதா? கீழ்க்கண்ட வரிசையில் செயல்படுங்கள்.

1. அட்மின் கன்சோலில் டிவைசஸ் பகுதிக்குச் சென்று, அந்த போனைத் தேர்வு செய்து, கணக்கை மட்டும் அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். போன் இணையத்தில் இணையும்போதுதான் இது வேலை செய்யும்.
2. ஊழியரின் கம்பெனி கணக்கு பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்கையே டெலீட் செய்ய அவசரப்படாதீர்கள்.
3. போலீஸில் புகார் கொடுத்து, 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்குங்கள். இதை முதலில் செய்தால் போனுக்கு நெட்வொர்க் கிடைக்காது. அழிக்கும் கட்டளையும் போய்ச் சேராமல் போகலாம்.

ஐஎம்இஐ எண்ணை எப்படி அறிவது? போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்திக் குறித்து வையுங்கள்.

ஐந்தாறு பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு சூளைக்கு இவ்வளவு செலவு வேண்டுமா? வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸை கம்பெனி பெயரில் வாங்கிய சிம் எண்ணில் மட்டும் தொடங்குங்கள். அந்த போன் உங்களிடமே இருக்கட்டும். ஊழியரின் போனை லிங்க்டு டிவைஸாகச் சேருங்கள். அவர் விலகும் நாளில் அதே பகுதியில் லாக் அவுட் செய்துவிடலாம். ஆனால் அவர் ஏற்கெனவே கேலரியில் சேமித்த படங்கள் அவரிடமே இருக்கும். எனவே புதிய டிசைன் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், கம்பெனி டிரைவில் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

எந்த வசதியும் முழுப் பூட்டு அல்ல. திரையை இன்னொரு போனால் படம் எடுப்பவரைத் தடுக்க முடியாது.

கடைசியாக ஒன்று. எதை நிர்வகிக்கிறீர்கள், எதை அழிப்பீர்கள் என்பதை ஊழியரிடம் முன்பே தமிழில் எழுதிக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் இருக்கட்டும், தன் படங்களை முதலாளி பார்க்கிறாரோ என்று சந்தேகப்படும் ஊழியர், மறுநாளே அந்த அப்ளிகேஷனை நீக்கிவிடுவார்.