மங்கில் விழும் துளி முதல் தொகுப்பு மேசை வரை: மலாக்கா மாணவர்களுக்கான குறும்படப் பயிற்சி

1999-இல் வெளிவந்த 'என்ட்ராப்மென்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் ஷான் கானரியும் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் கைவரிசை காட்டப் போவார்கள். கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதுபோல் திரையில் தெரியும் பழைய ஆற்றங்கரைக் குடியிருப்பு மலாக்கா ஆற்றோரம் எடுக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் தூரம். நாட்டை இப்படியா காட்டுவது என்று அன்றைய பிரதமர் மகாதீர் வெளிப்படையாகவே கண்டித்தார். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் படம் எடுக்கக் கற்கும் மலாக்கா மாணவருக்கு இதைவிடக் கூர்மையான உள்ளூர்ப் பாடம் கிடைக்காது. இரண்டு ஷாட்டுகளை ஒட்டியதும் ஊரின் வரைபடமே மாறிவிட்டது.

கருவி இல்லை என்ற குறை இன்று இல்லை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்து மாணவரின் கைப்பேசியிலேயே திரையிடத் தகுந்த தரத்தில் படம் பிடிக்கலாம். குறை பயிற்சியில் இருக்கிறது. முதல் முயற்சியிலேயே கதாநாயகன், சண்டை, பின்னணி இசை என்று 20 நிமிடக் குறும்படத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஒருவர் எடுக்கிறார், இன்னொருவர் வெட்டுகிறார். தன் ஷாட் ஏன் பயன்படவில்லை என்பது எடுத்தவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 'வீடு' படத்தை இயக்கியதோடு ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் தாமே செய்தார். எல்லாரும் எல்லா வேலையும் செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் கற்கும் காலத்தில் கேமரா பிடித்தவரே அன்றைக்கே உட்கார்ந்து வெட்டிப் பார்ப்பது நல்லது. கீழே வரும் பயிற்சிகள் எல்லாம் இந்த ஒரு விதியை நம்பியே அமைந்தவை.

ஒரே ஷாட், ஒரு நிமிடத்துக்குள்

1895-இல் லூமியர் சகோதரர்கள் லியோன் நகரில் தங்கள் தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருவதை ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். நீளம் ஒரு நிமிடம்கூட இல்லை. கேமரா அசையவில்லை. முதல் பயிற்சி அதுதான். தோட்டத்தில் வேலையாட்களைக் கூப்பிட்டு எண்ணும் காலைப் பெரட்டு, தமிழ்ப்பள்ளி விடும் நேரம், ஜாசின் பேருந்து நிலையம் என எதுவாகவும் இருக்கலாம். முக்காலி இல்லையென்றால் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். 50 நொடி. ஸூம் கூடாது, கேமராவைத் திருப்பக் கூடாது.

லூமியரின் புகழ்பெற்ற ரயில் படத்தில் ரயில் நேர் எதிரே வராமல் ஃபிரேமின் குறுக்கே சாய்வாக வரும். தொலைவில் சிறு புள்ளி, பிறகு முகத்துக்கு முன்னால் பெரும் உருவம். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, மின்சார ரயில் வரும்போது நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வெவ்வேறு இடங்களில் நின்று எடுத்துப் பார்த்தால், நிற்கும் இடம் மாறும்போது கதையே மாறுவது தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும்: முதல் நொடியில் இருந்த ஃபிரேமுக்கும் கடைசி நொடியின் ஃபிரேமுக்கும் வித்தியாசம் உண்டா? எதுவும் மாறாத 50 நொடியை எந்தப் பார்வையாளரும் பொறுக்கமாட்டார்.

தோட்டத்து வெளிச்சம்

கேமராப் பயிற்சியில் பாதி நேரம் வெளிச்சத்துக்குப் போக வேண்டும். மலாக்கா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. சூரியன் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியப் பயிற்சிக் காணொளிகள் சொல்லும் நீண்ட பொன்மாலை இங்கே கிடையாது. ஏழு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்தபின் பயன்படும் வெளிச்சம் 20 நிமிடம் நின்றால் அதிகம். அந்த வெளிச்சத்தை நம்பிக் காட்சி அமைப்பவர், நடிகரை ஆறு மணிக்கே இடத்தில் நிறுத்தி ஒத்திகையை முடித்திருக்க வேண்டும்.

பகல் ஒரு மணியை ஒட்டி வெயில் உச்சந்தலையில் விழும். கண்குழிகள் கறுத்துப்போகும். அப்போது லயத்து வீட்டு வாசல் தாழ்வாரத்துக்குள் போய்விட வேண்டும். மலாக்கா நகரத்தில் என்றால் பழைய கடை வீடுகளின் அஞ்சடி இருக்கிறது. மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த தெரு. வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் வந்து முகத்துக்கு உருவம் கொடுக்கும். இருண்ட கன்னத்தின் பக்கம் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைப் பிடித்தால் போதும், விளக்கு வாடகை தேவையில்லை.

செம்பனைத் தோட்டத்துக்குள் வேறு சிக்கல். ஓலைகளில் பட்டு வரும் வெளிச்சம் தோலின் மேல் பச்சை பூசும். கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்யப் பார்த்து, ஒரே ஷாட்டுக்குள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி வெண்சமநிலையை நிறுத்திவிட வேண்டும். வெளிச்ச அளவையும் முகத்துக்கு வைத்துப் பூட்டிவிட வேண்டும். கைப்பேசித் திரையில் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்தாலே பல கருவிகளில் அது பூட்டிக்கொள்ளும். ரப்பர்க் காட்டில் இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப்பொட்டாக விழும். முகத்தில் பாதி வெளுத்துப் பாதி இருண்டால், நடிகரை இரண்டடி நகர்த்துவதுதான் மருந்து.

வீட்டுக்குள் குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக ஏதோ ஓடுகிறதா? மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேமும் 1/60 ஷட்டரும் அதோடு ஒத்துப்போகாது. 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று மாற்றினால் பட்டை போய்விடும்.

குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை எடுத்தவுடன் லென்ஸ் பனிபிடிப்பதும் இந்த ஊரின் ஈரப்பதம் தரும் தொல்லை. பையை மூடியபடியே சிறிது நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா இருந்தால் லென்ஸில் பூஞ்சை படராது.

பால்மரமும் ஐந்து ஷாட்டும்

மலாயாவில் வணிகத்துக்கென்று முதன்முதலில் ரப்பர் பயிரிட்டது மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். அந்த நிலப்பரப்பில் இன்று கண்ணுக்கு எட்டியவரை செம்பனைதான். ஆனால் சிறுதோட்டங்களில் பால்மரம் சீவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பால்வெட்டு செய்த தாத்தா பாட்டிகள் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். படத்தொகுப்பை மனத்தில் வைத்து எடுக்கப் பழகுவதற்கு இந்த வேலையைப்போல் பொருத்தமான காட்சி அரிது. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் வேலையிலேயே இருக்கின்றன.

முதல்நாள் கேமரா இல்லாமல் போக வேண்டும். "அக்கா, நாளைக்கு ஒரு ஓரமா நின்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகு வேலையின் வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ச்சி இருக்கும் வரைதான் பால் நன்றாக ஓடும், அதனால் வெளிச்சம் வருமுன்பே வேலை தொடங்குகிறது. அவருடைய வருமானம் அந்த நேரத்தில் இருக்கிறது. மீண்டும் ஒருமுறை செய்து காட்டச் சொல்வது முறையல்ல. ஒரு மரத்தில் தவறவிட்ட ஷாட்டை அடுத்த மரத்தில் எடுத்துக்கொள்ளலாம், மரத்துக்கு மரம் அதே அசைவு திரும்ப வருகிறது.

ஐந்து ஷாட் போதும். உளி பட்டையைச் சீவும் கையின் அண்மை. தலைவிளக்கு வெளிச்சத்தில் முகம். மரவரிசை முழுவதும் தெரியும் தூரக்காட்சி. தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதை நாமும் பார்ப்பது. ஐந்தாவது ஷாட், மாணவரின் சொந்தக் கண்டுபிடிப்பு. வெட்டுக்கோட்டில் வெள்ளையாக இறங்கும் பாலாக இருக்கலாம், பால் சேரும் கிண்ணமான மங்கில் விழும் முதல் துளியாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் குறைந்தது பத்து நொடி. செயல் தொடங்குமுன் மூன்று நொடி, முடிந்தபின் மூன்று நொடி கேமரா ஓட வேண்டும். இந்த ஆறு நொடியைச் சேமிக்கிறவர்தான் வெட்டும்போது தவிக்கிறார்.

சீவி முடித்து, பால் இறங்கக் காத்திருந்து, பிறகு வாளியோடு வந்து சேகரிப்பார்கள். இடையில் சில மணி நேரம். அந்த இடைவெளியை ஒரே வெட்டில் தாண்டுவது எப்படி? நிறைந்த மங்கின் அண்மையா, மாறிவிட்ட வெளிச்சமா? இந்தக் கேள்விக்கு ஐந்து ஷாட்டுக்குள் விடை தேடுவதே அன்றைய பாடம்.

காதுக்கும் ஒரு நாள்

ஒலியை மாணவர்கள் கடைசியில் நினைக்கிறார்கள், அதனால்தான் பல மாணவர் படங்களில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே இசை. ஒருநாள் படமே எடுக்காமல் ஒலி மட்டும் பதியலாம். மலாக்கா நகரில் துக்காங் எமாஸ் சாலையில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில் எல்லாம் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. மணியோசை, பாங்கு, ஊதுபத்திக் கட்டை உரசும் சத்தம், மோட்டார் சைக்கிள் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அருகில் போய்ப் பதிய வேண்டும். யாரும் பேசாத வெறும் சூழல் ஒலியை ஒவ்வோர் இடத்திலும் 30 நொடி எடுத்து வைக்க வேண்டும். வசனங்களுக்கு இடையில் வெட்டியபின் விழும் ஓட்டையை அடைப்பது அதுதான். பிறகு கண்ணை மூடிக் கேட்டால் தெரு தெரியும்படி ஒரு நிமிடம் தொகுக்க வேண்டும்.

வெட்டும் மேசையில்

டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே மாணவருக்குப் போதும். முதல் பயிற்சி பழையது. 1920-களை ஒட்டி ரஷ்யாவின் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும், சவப்பெட்டிக் குழந்தையோடும், ஒரு பெண்ணோடும் மாறிமாறி ஒட்டினார். பார்த்தவர்கள் முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்கள். மாணவர் தன் பாட்டியின் அமைதியான முகத்தை எடுத்து, பூட்டிய லயத்து வீடு, ஓடிவரும் பேரன், உளி என்று மூன்றோடு ஒட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது 'என்ட்ராப்மென்ட்' காட்டிய வித்தை. ஒருவர் மெர்லிமாவில் வீட்டுக் கதவைத் திறக்கிறார், அடுத்த ஷாட்டில் டச்சுச் சதுக்கத்தின் சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் நிற்கிறார். நம்பும்படி ஒட்ட என்ன தேவை? நடக்கும் திசை மாறக் கூடாது, உடையின் கசங்கல் ஒன்றாக இருக்க வேண்டும், முதல் இடத்தின் ஒலி இரண்டாவது ஷாட்டுக்குள் கொஞ்சம் நீள வேண்டும். ஒலி நீண்டதும் ஒட்டு மறைவதைக் காணும் மாணவர் பிறகு அதை மறப்பதே இல்லை.

பால்மரக் காட்சிகளை மூன்று நிமிடத்தில் ஒருமுறை, ஒரு நிமிடத்தில் ஒருமுறை, 30 நொடியில் ஒருமுறை வெட்ட வேண்டும். கஷ்டப்பட்டு எடுத்த ஷாட்டைத் தூக்கிப் போடும் துணிவு 30 நொடிப் பதிப்பில்தான் வரும். எதை வைப்பது என்ற குழப்பத்துக்கு வால்டர் மர்ச் என்ற படத்தொகுப்பாளர் ஓர் அளவுகோல் தந்தார். ஆறு காரணங்களை வரிசைப்படுத்தி, உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு கொடுத்தார். தொடர்ச்சி லேசாகப் பிசகினாலும் உணர்ச்சி சரியாக இருந்தால் அந்த வெட்டு நிற்கும் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் சட்டைப் பொத்தானைப் பற்றிக் கவலைப்பட்டு முகத்தை விட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்குத்தான் அவசரமாகத் தேவை.

வெட்டி முடித்ததும் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். எந்த ஷாட் இருந்திருந்தால் இந்த இடம் நின்றிருக்கும் என்று எழுதிவைக்க வேண்டும். அந்தத் தாள்தான் அடுத்தநாள் கேமராவுக்குப் போகும் பட்டியல்.

திரும்ப எடுக்க முடியாத நாள்

மாசி மகத்தன்று வெள்ளி ரதம் நகரத்துப் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங்கிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும். கூட்டம், இரவு வெளிச்சம், நெருக்கடி. இரண்டாம் டேக் கிடையாது. மூன்று பேர் மூன்று இடத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ரதத்தை மட்டும், ஒருவர் பார்க்கிறவர்களின் முகத்தை மட்டும், ஒருவர் கால்கள், கைகள், தேங்காய் உடைப்பு போன்ற சிறு விவரங்களை மட்டும். மூவருமே ரதத்தைத் துரத்தினால் வீட்டுக்கு வந்து சேர்வது மூன்று ரதங்கள்தான். கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். ட்ரோன் ஆசை இருந்தால் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை முதலில் படிக்க வேண்டும், பத்து பெரண்டாமில் விமான நிலையம் இருப்பதை மறக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகுதான் கதைப்படம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போயின் கதை. 2005-இல் தீபக் குமாரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை' தோட்டத்துப் பெண்ணின் படிப்பு ஆசையைச் சொன்னது. இவற்றை ஒருமுறை கதைக்காகப் பார்த்துவிட்டு, மறுமுறை ஒரு காட்சியை மட்டும் ஷாட் ஷாட்டாக எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் எத்தனை நொடி, யார் பேசும்போது யார் முகம். பிறகு இரண்டே பேர், ஒரு சாப்பாட்டு மேசை, இரண்டு நிமிடம் என்று தன் காட்சியை எழுதி எடுக்கலாம். கேட்கிறவரின் முகத்தையும் முழு வசனத்துக்கும் எடுத்து வைப்பது கட்டாயம்.

குறும்படத்தைக் கீழ்ப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். நீண்டகாலப் படத்தொகுப்பாளரான பி. லெனின் இயக்கிய 'நாக்-அவுட்' என்ற குறும்படத்துக்கு இந்தியத் தேசிய விருது கிடைத்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் சிறு படங்கள் எடுத்துப் பழகியவர்களே நலன் குமாரசாமியும் கார்த்திக் சுப்புராஜும்.

முடித்த படத்தை இணையத்தில் ஏற்றுமுன் தோட்டத்து மண்டபத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டிப் போட்டுக் காட்ட வேண்டும். ஒருகாலத்தில் தோட்டத்துத் திடல்களில் இப்படித்தான் படம் போட்டார்கள். இயக்கியவர் திரையைப் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்து பார்வையாளர்களைப் பார்க்க வேண்டும். கைப்பேசி எடுத்த நிமிடம், பாட்டிகள் பேசத் தொடங்கிய நிமிடம், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காத நிமிடம் எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டு, மறுநாள் அந்த இடங்களை மட்டும் மறுபடி வெட்ட வேண்டும். படத்தில் முகம் காட்டியவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டு, ஆவணப்படமாக இருந்தால் 2003 முதல் நடந்துவரும் ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் போன்ற விழாக்களுக்கு அந்த இரண்டாம் பதிப்பை அனுப்பலாம்.