வீட்டுக்கே நெட் கொடுக்கும் போன்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் கேபிள் இன்னும் வரவில்லை. தென்காசிப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. என் அலுவலக வேலை, மகளின் படிப்பு, அம்மா பார்க்கும் சீரியல், வாசல் கேமரா எல்லாம் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் ஓடுகின்றன. இத்தனையும் தடையில்லாமல் ஓட வேண்டுமானால் போனுக்கு ஒரே வேலைதான் கொடுக்க வேண்டும்: டவரிலிருந்து டேட்டாவை வாங்குவது. அதை வீடு முழுக்கப் பங்கிடும் வேலையை ரவுட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

தனி போன், தனி சிம்

கையில் வைத்திருக்கும் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டால், அந்த ஆள் கடைக்குப் போகும்போது வீட்டு நெட்டும் கூடவே போய்விடும். பயன்படுத்தாமல் கிடக்கும் நல்ல போன் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். வங்கி ஓடிபி வரும் எண்ணை அதில் போடாதீர்கள். அந்த போன் எப்போதும் ஓரிடத்திலேயே இருக்கும். ஓடிபியோ உங்கள் கைக்கு வர வேண்டியது.

எங்கே வைப்பது?

சிக்னல் கட்டங்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்கில், சிம் நிலவரம் காட்டும் பக்கத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 80, 90 என்றால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பலவீனம். போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக, மாடிப்படி வரை நடந்து பாருங்கள். சில அடி தள்ளி வைத்தாலே எண் மாறும். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகள் சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். 2300, 3500 போன்றவை கான்கிரீட்டிலும் தகரக் கூரையிலும் வெகுவாக அடிபட்டுப் போகும். அதனால் டவர் இருக்கும் திசை ஜன்னலுக்கே முதலிடம்.

எந்த நிறுவனத்தின் சிம் என்பதையும் இப்படியே முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டாரின் போனை வாங்கி, அதே ஜன்னலில் வைத்து, காலையில் ஒருமுறையும் இரவு 9 மணிக்கு ஒருமுறையும் வேகம் பாருங்கள். ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் கிடைக்கும் வேகம்தான் உண்மையான வேகம்.

ரவுட்டரோடு இணைப்பது

இரண்டு வழிகள் உண்டு. ரவுட்டரில் யூஎஸ்பி துளை இருந்து, அது டெதரிங்கை (போனின் நெட்டைக் கேபிள் வழியே வாங்குவதை) ஏற்குமானால், கேபிளில் செருகிவிடலாம். இது உறுதியான இணைப்பு. யூஎஸ்பி துளை உள்ள எல்லா ரவுட்டரும் போனை ஏற்காது. வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, ரவுட்டரின் விஸ்ப் முறை. போனின் ஹாட்ஸ்பாட்டை ரவுட்டர் வைஃபை வழியாகவே வாங்கிக்கொள்ளும். இதில் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே 5 கிகாஹெர்ட்ஸ், தூரத்து அறைகளுக்கு 2.4 என்று பிரித்துவிட்டால் வேகம் பாதியாகாமல் தப்பும். சாதனம் எதுவும் இணையாதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணையும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள்.

ரவுட்டர் இருப்பதால் இன்னொரு நன்மை: நாளைக்கு போனை மாற்றினாலும், சிம்மை மாற்றினாலும் வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் மாறாது. டிவியையும் கேமராவையும் மறுபடி இணைக்க வேண்டியதில்லை.

டேட்டா எங்கே கரைகிறது?

வைஃபை என்றாலே கணக்கில்லாத டேட்டா என்று மற்ற சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். ஆப் அப்டேட், விண்டோஸ் அப்டேட், புகைப்பட பேக்கப் எல்லாம் சொல்லாமலே இறங்கும், ஏறும். நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் அது காலையிலேயே தீர்ந்துவிடலாம். பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்தான். எனவே கணினியிலும் போன்களிலும் அந்த வைஃபையை ‘அளவுள்ள இணைப்பு’ என்று குறித்துவிடுங்கள். உயர்தர வீடியோ மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும். 480 தரத்துக்கு இறக்கினால் சீரியல் பார்க்கத் தாராளம். கேமரா மெமரி கார்டில் பதியட்டும். நாள் முழுக்க கிளவுடுக்கு அனுப்ப வேண்டாம். பெரிய டவுன்லோடுகளை விடியற்காலைக்குத் தள்ளுங்கள்.

சூடு

இதை நான் அழுத்திச் சொல்வேன். ஓயாத டேட்டா, ஓயாத சார்ஜ், ஜன்னல் வெயில் மூன்றும் சேர்ந்தால் பேட்டரி கெடும். உறையைக் கழற்றி, காற்று படும் நிழலில் வையுங்கள். சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். போனின் முதுகு லேசாக உப்பினாலும் உடனே சார்ஜரிலிருந்து கழற்றுங்கள். தலையணைக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

முடியாதவை

செல்போன் நெட்டில் பெரும்பாலும் ஒரே பொது ஐபி முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். போர்ட் திறந்து வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை எட்டும் பழைய முறை இங்கே நடக்காது; கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் மின்சாரம் போனால் போன் தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கு ரவுட்டரின் வோல்டேஜுக்குப் பொருந்தும் மினி யூபிஎஸ் ஒன்று போதும்.

ஃபைபர் கிடைக்கும் வீடுகள் ஃபைபரே போடட்டும். இந்த ஏற்பாடு அதற்குத் துணையாக இருக்கட்டும். கிடைக்காத வீடுகள் ரவுட்டர் வாங்கக் கிளம்பும் முன், காசு செலவில்லாத வேலையை முதலில் முடித்துவிடுங்கள்: ஜன்னல் ஜன்னலாக நடந்து அந்த டிபிஎம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடம் என்பதை அந்த எண்ணும், எந்த சிம் என்பதை இரவு 9 மணி வேகமும் சொல்லிவிடும்.